ஒருநாட் பூச்சியும் அதன் பெயரும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் முழங்குவதே நம் வழக்கம். அவற்றிற்கு இடையே அறிவியல் பற்றியும் சிறிது நேரம் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. சுண்டுவிரல் நகத்தின் அளவைப் பெரும்பாலும் தாண்டாத ஒரு பூச்சி. அது வாழும் இடமோ நமக்கு மிகத் தொலைவு. ஆப்பிரிக்கக் கண்டத்தின் வடகோடியில் மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா என மூன்று நாடுகள் உள்ளன. அந்நாடுகளின் மலையோடைகளே அதன் இல்லம்.

இவ்வளவு சிறிய பொருளை இவ்வளவு தொலைவிலிருந்து இம்மேடைக்குக் கொண்டுவருவானேன் என்று நீங்கள் கேட்கலாம். ஓர் உயிருக்கு உரிய பெயரைக் கண்டறிவது எத்துணை அரிய உழைப்பு என்பதையும், பெயர் தவறினால் எத்துணை உண்மை மறைந்துபோகும் என்பதையும் இப்பூச்சியின் வரலாறு நன்கு காட்டுகிறது. அதுவே காரணம்.

முதற்கண் இப்பூச்சி எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒருநாள் வாழ்வு என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது ஈசல். மழை பெய்த மாலையில் விளக்கைச் சுற்றி மொய்த்து, விடிந்ததும் இறகுதிர்ந்து கிடக்கும் ஈசலை அறியாதார் இல்லை. ஆனால் ஈசல் என்பது சிறகு முளைத்த கறையானே. அது புற்றிலிருந்து புறப்படுவது. நான் கூறும் பூச்சி நீரிலிருந்து புறப்படுவது. ஆங்கிலேயர் இதனை மேஃபிளை என்பர். மே மாதத்து ஈ என்பது அதன் பொருள். அறிவியலார் இக்குலத்திற்கு எஃபெமெராப்டெரா என்று பெயரிட்டனர். எஃபெமெரோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஒருநாள் அளவே நிற்பது என்று பொருள். எனவே இதனை ஒருநாட் பூச்சி என்று இங்கே வழங்குகிறேன்.

கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில், விலங்குகளைப் பற்றிய தம் நூலில் இதனைக் குறித்துள்ளார். கருங்கடற் பகுதியின் ஆறு ஒன்றில் கோடைக் காலத்தில் சிறு பைகள் போன்றவை மிதந்து வரும் என்றும், அவை வெடித்துச் சிறகுடைய உயிர் ஒன்று வெளிப்படும் என்றும், அது மாலைவரை பறந்து திரிந்து, ஞாயிறு மறையும்போது மடியும் என்றும் அவர் எழுதினார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அக்குறிப்பின் சாரம் இன்றும் பொய்க்கவில்லை.

ஆயினும் ஒருநாள் என்பது இப்பூச்சியின் வாழ்வில் கடைசிப் பகுதி மட்டுமே. தாய்ப்பூச்சி நீரில் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் இளம்பூச்சி, இனத்திற்கு ஏற்பச் சில வாரங்களோ, சில திங்களோ, ஓராண்டோ, அதற்கும் மேலோ நீருக்குள்ளேயே வாழ்கிறது. வயிற்றின் இரு மருங்கிலும் அமைந்த மெல்லிய செவுள்களால் மூச்சு விடுகிறது. கல்லின்மேற் படிந்த பாசியையும் மட்கிய இலைத்துகளையும் உண்கிறது. பாம்பு சட்டை உரிப்பதுபோலப் பல முறை தோலுரித்து வளர்கிறது. பின்னர் ஒருநாள் நீர்ப்பரப்பிற்கு வந்து சிறகு பெறுகிறது. மற்றப் பூச்சிகள் சிறகு பெற்றபின் தோலுரிப்பதில்லை. இதுவோ சிறகு பெற்ற பிறகும் இன்னொரு முறை தோலுரித்த பின்னரே முழு வளர்ச்சி அடைகிறது. இப்பண்பு பூச்சிகளுள் இக்குலத்திற்கே உரியது.

முதிர்ந்த பூச்சிக்கு உண்பதற்குப் பயன்படும் வாய் இல்லை. உணவுக் குழலில் உணவுக்குப் பதில் காற்றே நிறைந்திருக்கும். கூடிக் களித்து, முட்டையிட்டு, மடிவது ஒன்றே அதன் கடமை. இறகுகளை முதுகின்மேல் மடித்து வைக்க அதற்கு இயலாது. வண்ணத்துப்பூச்சி போல மேல்நோக்கி நிமிர்த்தியே வைத்திருக்கும். இரண்டோ மூன்றோ நீண்ட வால் இழைகள் பின்னால் தொங்கும். சிறகுடைய பூச்சிகளுள் மிகத் தொன்மையான கால்வழிகளுள் இதுவும் ஒன்று. இன்று உலகெங்கும் 3,500-க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன.

இதனால் மக்களுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். மீனுக்கு இது நல்லுணவு. அதனினும் பெரிய பயன் வேறொன்று உண்டு. இளம்பூச்சிகளுட் பல, நீரில் உயிர்வளி குறைந்தாலும் கழிவு கலந்தாலும் தாங்கமாட்டா. ஆனால் எல்லா இனமும் ஒரே அளவில் நொந்துபோவதில்லை. ஓரினம் தாங்கும் மாசு இன்னோர் இனத்தைக் கொன்றுவிடும். ஆகவே ஓடையில் எந்தெந்த இனம் உள்ளது, எது இல்லை என்று பார்த்தே அந்நீரின் நலத்தை மதிப்பிட முடியும். நீரின் நாடி பிடித்துப் பார்க்கும் மருத்துவன் என்றே இப்பூச்சியைச் சொல்லலாம். ஆனால் எந்த இனம் என்று தெரியாமல் நாடி பார்ப்பது எங்ஙனம்?

இனி வட ஆப்பிரிக்காவுக்கு வருவோம். அந்நாடு என்றவுடன் மணற்பாலையே நம் கண்முன் தோன்றும். ஆனால் பாலைக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே அட்லஸ் என்னும் நெடிய மலைத்தொடர் நிற்கிறது. மொராக்கோவில் அதன் உச்சியான தூப்கால் 4,167 மீட்டர் உயரமுடையது. குளிர்காலத்தில் அம்முடிகளில் பனி படியும். அப்பனி உருகியும், மலைச் சுனைகள் ஊறியும், குளிர்ந்த ஓடைகள் பிறக்கின்றன. அவை கீழே இறங்க இறங்க வெப்பமும் வறட்சியும் மிகும். அரபு மொழியில் வாதி எனப்படும் ஆறுகள் பல, நம் நாட்டுக் காட்டாறுகளைப் போல, மழைக்காலத்தில் பெருக்கெடுத்துக் கோடையில் வற்றுகின்றன. ஒரு மலையின் குளிர்ந்த ஓடைக்கும் அடுத்த மலையின் ஓடைக்கும் நடுவே வெம்மையான சமவெளி கிடக்கிறது. ஒருநாள் மட்டும் பறக்கும் பூச்சி அதனைக் கடப்பது அரிது. எனவே அங்கங்கே தனித்து நின்ற கூட்டங்கள், காலப்போக்கில் தனித்தனி இனங்களாகப் பிரிந்தன. வேறெங்கும் இல்லாத இனங்கள் அட்லஸ் ஓடைகளில் வாழ்வதன் காரணம் இதுவே.

இவற்றை முதன்முதலாக ஒழுங்குபட ஆராய்ந்தோருள் ஒருவர் ஆல்ஃபிரட் எட்வின் ஈட்டன் என்ற ஆங்கிலேயர். அவர் சமயகுருவாகவும் இருந்தவர். 1883 முதல் 1888 வரை வெளிவந்த அவருடைய பெருநூல், அக்காலத்து உலகம் அறிந்த ஒருநாட் பூச்சிகள் அனைத்தையும் தொகுத்துத் திருத்தி உரைத்தது. அல்ஜீரியாவில் அதுவரை கண்ட இனங்களின் பட்டியலை 1899-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். அடுத்து, பெல்ஜியத்து அறிஞர் லெஸ்தாழ், அல்ஜீரியாவில் திரட்டப்பட்ட பூச்சிகளை ஆராய்ந்து, வட ஆப்பிரிக்கா முழுமைக்குமான பட்டியலை 1925-இல் தந்தார்.

இம்முன்னோடிகளின் உழைப்பு பெரிது. ஆயினும் அங்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. பழைய பெயர்களுட் பல, சிறகுடைய முதிர்ந்த பூச்சியைப் பார்த்து இடப்பட்டவை. பிற்காலத்தில் ஓடையை ஆராயச் சென்றோர் கையில் அகப்பட்டவையோ நீரில் வாழும் இளம்பூச்சிகள். தவளையை மட்டும் அறிந்தவனிடம் தலைப்பிரட்டையைக் காட்டி, இது எந்தத் தவளையின் குஞ்சு என்று கேட்டால் அவன் என்ன செய்வான்? இளமையையும் முதுமையையும் இணைக்க ஒரே வழி, இளம்பூச்சியை உயிரோடு வளர்த்து, அது சிறகு பெறும்வரை காத்திருப்பது. உரித்துப் போட்ட தோலையும் சிறகுடைய பூச்சியையும் ஒரே குப்பியில் சேர்த்து வைத்தால்தான் ஐயம் தீரும். அதற்குப் பொறுமை வேண்டும்; குளிர்ந்த நீரும் வேண்டும். இரண்டும் எளிதிற் கிடைப்பன அல்ல.

இந்நிலையில் ஆய்வாளர் எளிய வழியை நாடினர். பூச்சிகளை இனங்காணும் நூல்கள் ஐரோப்பாவில் இருந்தன. அந்நூல்களைக் கையிற்கொண்டு ஆப்பிரிக்க ஓடையின் பூச்சிக்கு ஐரோப்பியப் பெயரை இட்டனர். பீட்டிஸ் ரோடானி என்பது ஐரோப்பாவில் மிகப் பரவலான இனம். ஜெனீவா நகரத்துப் பிக்தே என்னும் அறிஞர் 1840-களில் அதனை விளக்கினார். ரோன் ஆற்றின் பழம்பெயரே அதற்குப் பெயராயிற்று. செவுள்களின் ஓரத்தில் வரிசையாக முள் போன்ற மயிர்கள் இருப்பது அதன் அடையாளங்களுள் ஒன்று. அதனை ஒத்த பூச்சிகள் அட்லஸ் ஓடைகளிலும் இருந்தன. ஒத்திருந்தமையால், அவையும் ரோடானியே என்று எழுதப்பட்டன.

இங்கே வடபுலத்தில் வாழும் நமக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தமிழர், தெலுங்கர், கன்னடியர், மலையாளி என்ற வேறுபாடு பாராமல் தெற்கிலிருந்து வந்த எல்லோரையும் மதராசி என்ற ஒரே பெயரால் அழைக்கும் வழக்கம் இன்னும் முற்றும் மறையவில்லை. அழைப்பவர்க்குத் தீய எண்ணம் இல்லை. அவர் அறிந்த பெயர் அது ஒன்றே. ஆனால் அப்பெயரை வைத்து நம் மொழியையோ, ஊரையோ, உணவையோ அவர் அறிந்துகொள்ள முடியுமா? இரவற் பெயர் பெற்ற பூச்சியின் நிலையும் அதுதான்.

அப்படியானால் உரிய பெயரைக் கண்டறிவது எவ்வாறு? ஆய்வாளர் ஓடையில் இறங்கி, நீரோட்டத்தை எதிர்நோக்கி வலையை வைத்து, அதன்முன் கிடக்கும் கற்களைக் கிளறுவர். அடித்து வரப்பட்ட பூச்சிகளைச் சாராயத்தில் இட்டு வைப்பர். முதலில் உருவத்தைக்கொண்டு குடும்பம் பிரிப்பர். உடல் தட்டையாகக் கல்லோடு ஒட்டிக் கிடப்பது ஒரு குடும்பம். சிறு மீனைப்போல நீந்துவது மற்றொன்று. சேற்றில் ஊர்வது இன்னொன்று. ரித்ரோஜெனா என்ற பேரினத்தின் செவுள்கள் வயிற்றின் அடியில் ஒன்றுகூடி வட்டத் தட்டாக அமைந்து, பாய்ந்து வரும் வெள்ளத்திலும் கல்லை விடாமல் பற்ற உதவுகின்றன. சேற்றில் வாழும் சீனிஸ் என்ற பேரினத்திலோ ஒரு சோடிச் செவுள் மூடிபோலப் பெருத்து, பின்னுள்ள செவுள்களைச் சேறு படாமற் காக்கிறது.

குடும்பமும் பேரினமும் தெரிந்தபின் இனம் காண்பது நுண்பெருக்கியின் வேலை. பூச்சியின் வாயுறுப்புக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கண்ணாடித் தகட்டின்மேல் வைப்பர். மேலுதட்டில் மயிர்கள் எத்தனை, கால் நகத்தில் பற்கள் எத்தனை, செவுளின் ஓரத்தில் முள் உண்டா இல்லையா, தொடையின் விளிம்பில் உள்ள முட்களின் முனை கூரியதா மழுங்கியதா என்று எண்ணுவர். முதிர்ந்த ஆண்பூச்சி கிடைத்தால் அதன் இனப்பெருக்க உறுப்பின் வடிவம் தெளிவான சான்று தரும். ஒரு பூச்சியைப் பார்த்தால் போதாது. பல ஓடைகளிலிருந்து எடுத்த பல பூச்சிகளை ஒப்பிட வேண்டும். ஒரே இனத்திற்குள் வரும் சிறு வேறுபாடு எது, இனத்தையே பிரிக்கும் வேறுபாடு எது என்பதை அப்போதுதான் உணர முடியும்.

இவ்வாறு பொறுமையோடு எண்ணியவர்களுக்கு உண்மை புலப்பட்டது. செக் நாட்டு அறிஞர் சோல்டானும் பிரெஞ்சு அறிஞர் அலென் தோமாவும் அல்ஜீரியப் பூச்சிகளை ஆராய்ந்து 1983-இல் புதிய இனங்களை விளக்கினர். அவற்றுள் ஒன்று முள்ளற்றது என்று பொருள்படும் பீட்டிஸ் சைன்ஸ்பைனோசஸ் என்னும் பெயர் பெற்றது. மற்றொன்று மலைத்தொடரின் பெயரால் கோரோடெர்ப்பெஸ் அட்லஸ் ஆயிற்று. மொராக்கோவின் ஊரிகாப் பள்ளத்தாக்கின் பெயர் ரித்ரோஜெனா ஊரிகா என்ற இனத்திற்கு 1985-இல் வந்தது. அல்ஜீரியாவின் மிக நீண்ட ஆறு செலிஃப். அதன் பெயர் தாங்கிய பீட்டிஸ் செலிஃப் 2005-இல் விளக்கப்பட்டது. மொராக்கோவின் தாக்கியும் துனிசியாவின் பூமைசாவும் போல அந்நாட்டு அறிஞர்களே இப்பணியில் முன்னின்று உழைத்தனர். ரோன் ஆற்றின் பெயரைச் சுமந்திருந்த நாட்டில், அந்நாட்டு ஆறும் மலையும் பள்ளத்தாக்கும் தம் பெயரைத் தம் உயிர்களுக்குத் தந்தன.

வகைப்படுத்துவதில் எவ்வளவு பெரிய தடுமாற்றமும் நேரலாம் என்பதற்குப் புரோசோபிஸ்டோமா என்னும் பேரினம் சான்று. அதன் இளம்பூச்சியின் முதுகையும் செவுள்களையும் ஒரே ஓடு கவிந்து மூடியிருக்கும். பார்ப்பதற்குப் பூச்சியாகவே தோன்றாது. 1762-இல் அதனைப் பிரான்சில் கண்டு எழுதிய ஜெஃப்ராவாவும், 1833-இல் அதற்குப் பேரினப் பெயர் சூட்டிய லத்ரேயும், நண்டும் இறாலும் அடங்கிய வகுப்பிலேயே அதனைச் சேர்த்தனர். அது ஒருநாட் பூச்சியின் இளமை என்று தெளிவாவதற்கு 1870-கள் வரை உலகம் காத்திருந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது தன் சுற்றத்தைப் பிரிந்து வேறு குலத்தில் வாழ்ந்தது எனலாம்! இப்பேரினத்தின் புதிய இனம் ஒன்று அல்ஜீரியாவிலிருந்து 2015-இலும், இன்னொன்று மொராக்கோவிலிருந்து 2022-இலும் விளக்கப்பட்டன. தேடுவார் உளராயின் காண்பதற்கு இன்னும் உண்டு என்பதை இவை உணர்த்துகின்றன.

அண்மைக் காலத்தில் நுண்பெருக்கிக்குத் துணையாக மற்றொரு கருவி வந்துள்ளது. ஒவ்வோர் உயிரின் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருள் உள்ளது. அதில் ஒரு குறிப்பிட்ட மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்துக்களைப் படித்து, ஓர் இனத்தை மற்றோர் இனத்தோடு ஒப்பிடுகின்றனர். இம்முறையால் ஐரோப்பாவின் பீட்டிஸ் ரோடானியே ஓரினம் அன்று, உருவத்தால் ஒன்றுபோலத் தோன்றும் பல மரபுகளின் கூட்டம் என்று 2006-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பெயரை இரவல் கொடுத்த வீட்டிலேயே பல குடும்பங்கள் ஒரே பெயரில் வாழ்ந்திருக்கின்றன! அல்ஜீரியாவின் வடமேற்கிலுள்ள தாஃப்னா ஆற்றுப் படுகையின் பூச்சிகளையும் இம்முறையால் ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டனர். ஆயினும் எழுத்துக்களைப் படிப்பது மட்டும் போதாது. எண்ணிப் பார்த்து, வரைந்து, பெயரிட்டு, காட்சிச்சாலையில் காத்து வைத்த முன்மாதிரி ஒன்று இருந்தாலன்றி, படித்த எழுத்து எந்தப் பெயருக்கு உரியது என்று கூற இயலாது. பழைய முறையும் புதிய முறையும் ஒன்றுக்கொன்று கைகொடுக்க வேண்டும்.

சரியான பெயர்கள் கிடைத்தபின் பூச்சிகளின் உறவுமுறையும் விளங்கத் தொடங்கியது. ஸ்பெயினுக்கும் மொராக்கோவுக்கும் இடையே கடல் குறுகுமிடத்தில் அதன் அகலம் 14 கிலோமீட்டர் அளவே. ஏறத்தாழ 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அக்கடல்வழி அடைபட்டு, மத்தியதரைக் கடலே பெரும்பாலும் வற்றியது. 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நீர் மீண்டும் புகுந்து நிலங்களைப் பிரித்தது. இருகரைகளிலும் நெருங்கிய உறவினங்கள் வாழ்வதற்கு இத்தகைய பழைய தொடர்புகள் துணைக் காரணமாகக் கருதப்படுகின்றன. மறுபுறம், ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதிக்குச் சிறப்பாக உரிய சில பேரினங்களும் மொராக்கோ, அல்ஜீரிய ஓடைகளில் உள்ளன. சகாரா இன்றுபோல் என்றும் வறண்டிருக்கவில்லை; ஆறும் ஏரியும் நிறைந்திருந்த காலங்கள் அதற்கு உண்டு. தெற்கத்திப் பூச்சிகள் வடக்கே வருவதற்கு அக்காலங்கள் வழிதிறந்திருக்கும். எல்லாவற்றையும் ரோடானி என்று எழுதியிருந்தால், இவ்வுறவின் கதையை நாம் படித்திருக்கவே முடியாது.

அன்பர்களே, இப்பொழுது பெயரின் பயன் எங்கே உயிருக்கு உயிராய் நிற்கிறது என்பதைக் கூறி முடிக்கிறேன். வட ஆப்பிரிக்காவின் ஆறுகளில் நீர் குறைந்து வருகிறது. வறட்சி அடிக்கடி நேர்கிறது. வயலுக்கும் நகருக்கும் நீர் எடுக்கப்படுகிறது. ஆறுகளின் குறுக்கே அணைகள் எழுந்துள்ளன. ஊர்களின் கழிவு ஓடையில் கலக்கிறது. அங்குள்ள மக்களுக்குக் குடிநீர் வேண்டும். உழவர்க்குப் பாசனம் வேண்டும். அவற்றைக் குறைகூற யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் எந்த ஓடையில் எதை இழக்கிறோம் என்று அறிந்து செய்வது வேறு, அறியாமற் செய்வது வேறு.

தாஃப்னா ஆற்றுப் படுகையில் 1980-களில் ஆய்வாளர் பூச்சிகளைக் கணக்கெடுத்திருந்தனர். முப்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அங்குச் சென்று, அன்றைய கணக்கோடு இன்றைய கணக்கை ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வெளிவந்தது. அத்தகைய ஒப்பீடு எதனால் இயன்றது? முன்னே சென்றவர்கள் பெயர்களை ஆராய்ந்து எழுதி வைத்துச் சென்றதனால் இயன்றது. அவர்கள் ஐரோப்பியப் பெயர் ஒன்றையே எழுதிவிட்டுப் போயிருந்தால் நிலை என்னவாகும்? அந்நாட்டுக்கே உரிய ஓரினம் வற்றிய ஓடையில் அடியோடு அழிந்திருக்கலாம். ஆனால் ஏடு, அவ்வினம் ஐரோப்பாவில் ஆயிரம் ஆறுகளில் நலமாக வாழ்கிறது என்று கூறிக்கொண்டிருக்கும். இறந்ததற்காக வருந்துவார் ஒருவரும் இரார். ஏனெனில் அது இருந்ததாகவே எவரும் அறியார்.

ஒருநாள் மட்டும் சிறகுடன் வாழும் உயிருக்காக, ஒருவர் தம் வாழ்நாளில் பல ஆண்டுகளை நுண்பெருக்கியின் முன்னே செலவிடுகிறார். அவர் எண்ணும் மயிரும் முள்ளும் நம் கண்ணுக்குத் தெரியாதவை. அவர் எழுதும் பட்டியலைச் சிலரே படிப்பர். எனினும் ஓர் ஆற்றின் உண்மையான உறுப்பினர் யார் யார் என்று சொல்லக்கூடியவர் அவரே. அவர் பட்டியல் இல்லையேல் ஆற்றைக் காக்க விரும்புவோர்க்கும் எதைக் காப்பது என்று தெரியாது.

இங்குள்ள மாணவர்களுக்கு ஒரு சொல். விடுமுறையில் எங்கேனும் ஓர் ஓடைக்குச் சென்றால், நீர் ஆழமில்லாத இடத்தில் பெரியவர் துணையோடு ஒரு கல்லை மெல்லப் புரட்டிப் பாருங்கள். வால் இழை இரண்டோ மூன்றோ ஆட, வயிற்றின் மருங்கில் செவுள் அசைய, சிறு பூச்சி ஒன்று கல்லின் அடியில் நழுவி ஒளிந்தால், இன்று கேட்டது உங்கள் நினைவுக்கு வரட்டும். பார்த்தபின் கல்லை முன்போலவே வைத்துவிடுங்கள். அது ஓர் உயிரின் வீடு. அதற்கு என்ன பெயர் என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், தெரிந்தவரைத் தேடுங்கள். கிடைத்த பெயரோடு மனநிறைவு அடையாமல், அது உரிய பெயர்தானா என்றும் கேளுங்கள். அறிவியல் அக்கேள்வியிலிருந்தே வளர்ந்திருக்கிறது.